75 சதவீதத்தை ஜனவரியில் எண்ணி என்ன பயன்?

பொங்கல் முடிந்து பள்ளி திறந்ததும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். பேசுகிறவர்கள் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள். "அட்டெண்டன்ஸ் கம்மியா இருக்காம் டீச்சர். ஹால் டிக்கெட் தரமாட்டாங்களாம். என்ன பண்றது?" அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு நெடுங்காலம் வகுப்பாசிரியராக இருந்தவள் என்பதால், ஏதாவது வழி சொல்வேன் என்று நம்பிக் கேட்கிறார்கள். வழிகள் சில உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் இந்தக் கேள்வி ஏன் எப்போதும் ஜனவரியில் வருகிறது, ஏன் ஒருமுறைகூட ஆகஸ்டில் வருவதில்லை என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முதலில் விதி என்ன என்று பார்த்துவிடலாம். சிபிஎஸ்இயின் தேர்வு விதிமுறைகளில் 13, 14 ஆகிய இரண்டு விதிகள் இதைப் பேசுகின்றன. பத்து, பன்னிரண்டு இரண்டு வகுப்புக்கும் 75 சதவீத வருகை வேண்டும். கல்வியாண்டு தொடங்கிய நாளிலிருந்து, தேர்வு நடக்கும் ஆண்டின் ஜனவரி 1 வரை கணக்கெடுக்கிறார்கள். குறைந்தால் பள்ளி முதல்வர் காரணத்தையும் சான்றுகளையும் சேர்த்து வாரியத்துக்கு எழுதலாம். நெடுநாள் நோய், தாயையோ தந்தையையோ இழப்பது, முறைப்படி அனுமதி பெற்று விளையாட்டுப் போட்டிக்கோ என்சிசி முகாமுக்கோ போவது இவையெல்லாம் ஏற்றுக்கொள்ளப்படும் காரணங்கள். அப்படி 15 சதவீதம் வரை தளர்த்தலாம். 60க்கும் கீழே போய்விட்டால், புற்றுநோய், காசநோய் போல மருத்துவமனையில் நெடுநாள் இருந்தாக வேண்டிய நோயாக இருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கை இன்னும் கண்டிப்பு காட்டியது: விடுப்பு எடுத்தால் உடனுக்குடன் விண்ணப்பமும் ஆவணமும் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்காத நாள் ஆப்சென்ட்தான்.

நம் மாநிலப் பாடத்திட்டத்திலும் அளவு அதே 75தான். கண்டிப்பு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கூடும், குறையும். கொரோனாவுக்குப் பிறகு சில காலம் கையை நன்றாகவே தளர்த்தினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் இருக்கும் 10 அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் 2 மதிப்பெண் வருகைக்கு. 80 சதவீதத்துக்கு மேல் வந்திருந்தால் இரண்டும் கிடைக்கும். 75க்கு மேல் 80 வரை என்றால் ஒன்று.

இந்த விதி தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளிக்கு வராத பிள்ளைக்குப் பாடம் மட்டும் போவதில்லை. மதியச் சோறு போகிறது, நண்பர்கள் போகிறார்கள், வீட்டில் நடக்கும் கொடுமையைக் காதுகொடுத்துக் கேட்கும் ஒரு ஆள் போகிறார். பதினாறு வயதில் திருமணப் பேச்சு எடுக்கப்பட்ட பெண்ணை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் வருகைப் பதிவேடுதான். தொடர்ந்து நான்கு நாள் 'ஆ' (ஆப்சென்ட்) விழுந்தால் வகுப்பில் யாரையாவது கூப்பிட்டுக் கேட்போம். "அவளுக்கு மாப்ள பாத்துட்டாங்க டீச்சர்" என்று பக்கத்து பெஞ்சுக்காரி தலையைக் குனிந்துகொண்டு சொல்வாள். அந்தப் பதிவேடு இல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆக, பதிவேடு நல்லது. அதை நாம் என்ன வேலைக்கு வைத்திருக்கிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 200 வேலைநாள் என்று வைத்துக்கொள்வோம். 150 நாள் வர வேண்டும். முதல் 100 நாளில் ஒரு பையன் 60 நாள் வந்திருந்தால், மிச்சமுள்ள 100 நாளில் 90 நாள் வந்தாக வேண்டும். 50 நாள் வந்திருந்தால் மிச்சம் நூறும் வர வேண்டும், ஒரு காய்ச்சலுக்குக்கூட இடமில்லை. 50க்கும் கீழே என்றால் பாதி ஆண்டு முடிந்த அன்றைக்கே கதவு மூடிவிட்டது. அவனுக்கு அது தெரியாது. அவன் அப்பா அம்மாவுக்கும் தெரியாது. அரையாண்டுத் தேர்வு எழுதுவான், திருப்புதல் தேர்வு எழுதுவான். ஹால் டிக்கெட் வரும் நேரத்தில்தான் அவனைக் கூப்பிட்டுச் சொல்வார்கள்.

பேருந்து இன்னொரு சிக்கல். முற்பகல், பிற்பகல் என்று இரண்டு முறை வருகை எடுக்கிறோம். காலை மணி அடித்துப் பதிவேடு மூடிய பிறகு வருகிற பிள்ளைக்கு அரைநாள் போய்விடும். எங்கள் பக்கத்துச் சில கிராமங்களுக்குக் காலையில் ஒரே ஒரு அரசுப் பேருந்துதான். அது தாமதமானால் அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல அரைநாள் வெட்டு. தலைமையாசிரியர் மனது வைத்தால் பதிவேட்டைக் கொஞ்சம் காத்திருக்க வைப்பார். மனது வைக்காதவரும் உண்டு.

இந்த 75 சதவீதத்தைப் பற்றி எனக்கு இருக்கிற கருத்து முழுக்க ஒரு மாணவியிடமிருந்து வந்தது. அவள் பன்னிரண்டாம் வகுப்பு. நன்றாகப் படிக்கிறவள், வகுப்பில் வாய் திறக்கவே மாட்டாள். ஆகஸ்டில் முதல் இடைப்பருவத் தேர்வு முடிந்து பதிவேட்டை ஒருமுறை முழுதாகப் புரட்டியபோது, அவள் வரிசையில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. செவ்வாய் 'ஆ', வெள்ளி 'ஆ'. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே. சோம்பலுக்கு இப்படிக் கிழமை பார்க்கத் தெரியாது. கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் "வயித்து வலி டீச்சர்" என்றாள். இரண்டாவது முறை கேட்டதும் அழுதுவிட்டாள். அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், மாவட்டத் தலைநகரத்து அரசு மருத்துவமனையில் வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். காப்பீட்டு அட்டையில் செலவு இல்லாமல் நடந்தது. ஆனால் துணைக்கு ஆள் வேண்டும். அப்பா கட்டட வேலை, ஒரு நாள் போகாவிட்டால் அடுத்த நாள் கூப்பிட மாட்டார்கள். தம்பி ஆறாவது. வேறு யார் போவது?

வாரம் ஐந்து நாளில் இரண்டு நாள் போனால் மிஞ்சுவது 60 சதவீதம். அந்த வேகத்தில் போனால் அவள் நேராக விளிம்புக்குத்தான் போய்ச் சேர்ந்திருப்பாள்.

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனோம், நானும் அறிவியல் ஆசிரியையும். அவள் அம்மா படுத்திருந்தார். "எனக்கும் தெரியும் டீச்சர், பொண்ணு படிப்பு போகுதுன்னு. என்ன பண்ண?" என்றார். பக்கத்துத் தெருவிலேயே சித்தி ஒருத்தர் இருப்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. பீடி சுற்றுகிறவர், நேரம் அவர் கையில். அவரிடம் யாரும் கேட்டதில்லை. இரண்டு குடும்பத்துக்கும் ஏதோ பழைய மனத்தாங்கல். நாங்கள் போய்க் கேட்டோம். யோசிக்கவே இல்லை, செவ்வாய்க்கிழமை நான் போகிறேன் என்றுவிட்டார். மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவுச் செவிலியரிடம் நிலைமையைச் சொன்னபோது, வெள்ளிக்கிழமை முறையைச் சனிக்கிழமைக்கு மாற்றித் தந்தார். சனிக்கிழமை மகள் போனாள். செப்டம்பரிலிருந்து அவள் வரிசையில் 'ஆ' அரிதாகிவிட்டது. மார்ச்சில் தேர்வு எழுதினாள், தேர்ச்சி பெற்றாள்.

இதற்குச் சட்டம் தேவைப்படவில்லை, நிதி ஒதுக்கீடு தேவைப்படவில்லை. நான்கு பேர் பேச வேண்டியிருந்தது. ஆகஸ்டில் பேச வேண்டியிருந்தது.

இதே விஷயம் ஜனவரியில் தெரிந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மருத்துவச் சான்று கேட்டிருப்பார்கள். நோய் அவளுக்கில்லையே! சிபிஎஸ்இ பட்டியலையே எடுத்துக்கொண்டால், தாயை இழந்தால் அது காரணம். தாய் உயிரோடு இருப்பதற்காக வாரம் இரண்டு நாள் துணைக்குப் போனால், அதற்கென்று ஒரு வரி இல்லை. மனமுள்ள அதிகாரி இருந்தால் 'இதுபோன்ற பிற காரணங்கள்' என்ற வரிக்குள் அவளை நுழைக்கலாம். ஒரு பிள்ளையின் எதிர்காலம் அந்த மேசையில் அன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்துப் போகக் கூடாது. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்வது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்று பள்ளியை விட்டு நிற்பவர்களில் பெரும்பாலும் பெண்பிள்ளைகள்தான் என்பதைப் பதிவேடு வைத்திருந்த எந்த ஆசிரியரும் சொல்வார். பராமரிப்புப் பொறுப்பை ஏற்கத்தக்க காரணமாக விதியில் வெளிப்படையாக எழுத வேண்டும். இதை நான் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் இன்னொரு கூட்டம் உண்டு. தை பிறந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகிறவர்கள். திருவள்ளூர், செங்கல்பட்டு என்று போவார்கள். சிலர் அதற்கு முன்பே கரும்பு வெட்டப் போய்விடுவார்கள். ஜவ்வாது மலையிலிருந்து கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் தனி. பெரிய பிள்ளையை ஊரில் விட்டுப்போக ஆள் இருக்காது. இருந்தாலும், சூளையில் கல் அறுக்க அந்தப் பிள்ளையின் கையும் கணக்கில் சேர்ந்துதான் முன்பணம் பேசப்பட்டிருக்கும். நாம் ஜனவரியில் வருகையைக் கூட்டிப் பார்க்கும்போது அந்தப் பையன் சூளையில் நிற்கிறான். அவனிடம் போய் 75 சதவீதம் என்று சொல்வதற்கு என்ன பொருள்? முன்பணம் கை மாறுவதற்கு முன்பே அவனுக்கு விடுதியில் இடம் பார்த்திருக்க வேண்டும். இடம் கிடைத்தால் விட்டுப்போகத் தயாராக இருக்கும் பெற்றோர் நிறையப் பேரை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் விடுதிச் சேர்க்கை ஜூன், ஜூலையிலேயே முடிந்துவிடுகிறது. அவர்கள் கிளம்புவது டிசம்பர், ஜனவரியில்.

மறுபக்கத்துக்கு வருகிறேன். ராஜஸ்தானின் கோட்டாவிலும் தில்லியிலும் 'டம்மி ஸ்கூல்' என்றே ஒரு வியாபாரம் நடக்கிறது. பதினொன்றும் பன்னிரண்டும் ஒரு பள்ளியில் பெயருக்குச் சேர்ந்துவிட்டு, காலை முதல் இரவு வரை நீட், ஜேஇஇ பயிற்சி மையத்தில் கிடப்பது. பள்ளிப் பதிவேட்டில் அந்தப் பிள்ளை தினமும் வந்துகொண்டே இருக்கும். சிபிஎஸ்இ 2024 செப்டம்பரில் தில்லியிலும் ராஜஸ்தானிலும் திடீர்ச் சோதனை நடத்தியது. நவம்பரில் 21 பள்ளிகளின் இணைப்பை ரத்து செய்தது. டிசம்பரில் பெங்களூரு, வாரணாசி என்று சோதனை விரிந்தது. டம்மி பள்ளியில் சேர்ந்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுத முடியாது என்று 2025இல் எச்சரிக்கையும் வந்தது.

சோதனை நடத்தியது சரி. எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். பணம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு வராத நாளெல்லாம் வந்த நாளாக எழுதப்படுகிறது. சூளைக்காரர் பிள்ளைக்குப் பேருந்து தாமதமானால் அரைநாள் வெட்டு. இருவருக்கும் ஒரே 75 சதவீதம்தான், ஒரே விதிதான். பள்ளிக்கு வர விருப்பமே இல்லாதவனை அது தொடவில்லை, வர ஆசைப்பட்டு முடியாமல் போனவனைப் பிடித்துக்கொள்கிறது.

பயிற்சி மையத்துக்குத்தான் போகப் போகிறோம் என்றால் அதற்கு நேர்மையான வழி இருக்கவே செய்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (என்ஐஓஎஸ்) தினசரி வருகை கிடையாது. பத்தாம் வகுப்புக்கு 14 வயது, பன்னிரண்டுக்கு 15 வயது நிறைந்திருந்தால் சேரலாம். அங்கே படித்தவர்கள் நீட் எழுதலாமா என்று முன்பு குழப்பம் இருந்தது, இப்போது அதுவும் தீர்ந்துவிட்டது. ஊருக்குள் "எங்க பிள்ளை இந்த ஸ்கூல்" என்று சொல்லிக்கொள்வதற்காகப் பொய்ப் பதிவேட்டுக்குப் பணம் கட்டுவதை எந்தப் பெற்றோரும் செய்ய வேண்டியதில்லை.

உட்கார்ந்திருப்பது மட்டுமே படிப்பு ஆகிவிடாது என்பதற்கும் நம் ஊரிலேயே சான்று உண்டு. நாமக்கல் பக்கத்து உறைவிடப் பள்ளிகள் பலவற்றில் ஒரு காலத்தில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே தொடாமல், இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத்தான் ஓட்டினார்கள். விடுதிப் பிள்ளைகள், வருகையில் எந்தக் குறையும் இல்லை. பாடம்தான் இல்லை. அதனால்தான் 2017–18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். பழைய வழக்கம் திரும்ப வந்துவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு இருக்கிறது.

வராதவர்களை எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நாம் 2023 மார்ச் 13 அன்று பார்த்தோம். பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு. 50,000க்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை. செய்தியைப் பார்த்து எல்லோரும் அதிர்ந்தார்கள், வகுப்பாசிரியர்கள் அதிரவில்லை. அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு படித்தது 2020–21இல். கொரோனாவால் பொதுத்தேர்வே இல்லாமல் எல்லோரும் தேர்ச்சி. பதினொன்றில் தேர்வுக்கு வராவிட்டாலும் பன்னிரண்டுக்குப் பெயர் தானாக வந்துவிடும். இடையில் பலர் வேலைக்குப் போய்விட்டார்கள். சிலர் ஐடிஐயிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்ந்துவிட்டார்கள், டிசி (மாற்றுச் சான்றிதழ்) வாங்காததால் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸில் பெயர் அப்படியே நின்றது. நுழைவுச்சீட்டு அச்சாகி வந்தது, அதை வாங்க ஆள் இல்லை. வருகைக் கண்டிப்பைத் தளர்த்தியது கருணைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தேர்வெழுத அனுமதித்தால் போதும், அந்தப் பிள்ளை எங்கே என்று யாரும் தேட வேண்டாம் என்று ஆகிவிட்டது. எமிஸ் செயலியில் தினமும் காலையில் வருகையை ஏற்றிக்கொண்டுதான் இருந்தோம். ஏற்றிய எண்கள் சென்னைக்குப் போயின. திரும்பி ஒரு ஆளாக அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலுக்கு வந்தது மிகக் குறைவு.

2025 நவம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் சட்டக்கல்லூரி மாணவர்கள் குறித்து ஒரு தீர்ப்பு சொன்னது. வருகை குறைந்தது என்பதற்காக எந்தச் சட்ட மாணவரையும் தேர்வெழுத விடாமல் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். வருகைக் குறைவால் தேர்வு மறுக்கப்பட்டு 2016இல் உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு மாணவரின் சாவிலிருந்து எழுந்த வழக்கு அது. கல்லூரிக்குச் சொன்னதைப் பள்ளிக்கு அப்படியே பொருத்த முடியாது, பள்ளிப் பிள்ளைகளுக்கு விதி இன்னும் இறுக்கமாக இருக்கலாம். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளையிடம் 'ஒரு வருஷம் போச்சு' என்று கடைசி நேரத்தில் சொல்வது எவ்வளவு பெரிய அடி என்பதை அந்த வழக்கு எல்லோருக்கும் காட்டிவிட்டது.

அதனால் நான் கேட்பது இதுதான். ஜூலை மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் பிள்ளையின் வருகைச் சதவீதம் பெற்றோருக்குக் குறுஞ்செய்தியாகப் போக வேண்டும். எண்கள் ஏற்கனவே எமிஸில் இருக்கின்றன, புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. 85க்குக் கீழே இறங்கியதுமே வகுப்பாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒருவரும் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு ஆசிரியருக்கு நேரம் வேண்டும். பதிவேற்றம், படிவம், புள்ளிவிவரம் என்று நாளின் பாதியை எடுத்துக்கொண்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பார் என்றால் யாராலும் முடியாது. இந்தப் பிள்ளைக்கு வருகை குறைவு என்று பள்ளி அறிக்கை அனுப்பும்போது, அதைச் சரிசெய்ய பள்ளி என்னென்ன செய்தது, எந்தத் தேதியில் செய்தது என்பதையும் கூடவே எழுதிக் கையெழுத்திட வேண்டும். எதுவும் செய்யாத பள்ளியின் பிள்ளைக்கு நுழைவுச்சீட்டு மறுக்கப்படக் கூடாது.

இனி, கேட்டவர்களுக்குச் சொன்ன வழிகள். உங்கள் பிள்ளை இந்த ஆண்டு பத்திலோ பன்னிரண்டிலோ இருந்தால், காலாண்டுத் தேர்வுக்கு முன்பே வகுப்பாசிரியரைப் பார்த்து சதவீதத்தைக் கேளுங்கள். மதிப்பெண்ணைக் கேட்பவர்கள் நிறைய, இதைக் கேட்பவர்கள் குறைவு. விடுப்பு எடுத்த அன்றைக்கே கடிதம் கொடுத்துவிட்டு, அதன் நகல் ஒன்றில் பள்ளி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைப் புறநோயாளிச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள், தளர்வு கேட்கும்போது அரசு மருத்துவர் தந்த காகிதத்துக்குத்தான் மதிப்பு. பிள்ளை ஐடிஐ, பாலிடெக்னிக் என்று மாறினால் டிசி வாங்கிப் பெயரை நீக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் கைமீறி ஜனவரி வந்துவிட்டது என்றால், முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னது எங்கும் பதிவாகாது. மாநிலப் பாடத்திட்டத்தில் பெயர்ப் பட்டியலில் இருந்து மார்ச்சில் எழுத முடியாமல் போனவர்களுக்கு ஜூன், ஜூலையில் துணைத் தேர்வு இருக்கிறது. அதில் தேறினால் அந்த ஆண்டே கல்லூரியில் சேர வாய்ப்பு உண்டு. தனித்தேர்வராக எழுதுவதென்றால் அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தனித்தேர்வர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அறிவியல் செய்முறைப் பயிற்சி வகுப்புக்கு முன்கூட்டியே பதிவு செய்து, அதில் 80 சதவீத நாள் போயிருந்தால்தான் செய்முறைத் தேர்வுக்கு விடுவார்கள். பள்ளியில் கேட்டதைவிட அங்கே அளவு கூடுதல். பதிவு செய்யும் தேதியை அரசுத் தேர்வுகள் இயக்ககம் நாளிதழ்களில் அறிவிக்கும், தவறவிட்டால் அந்த ஆண்டும் போய்விடும்.